எல்லைக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம்

சோஹார்,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பாண்டித்துரை அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் முனியசாமி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அகிலா சுகம். பிருந்தா சுகம். மூன்று பேரும் ஒரே ஊரில் சுகமாக இல்லை என்பது மட்டும்தான் குறை; அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் நாகவள்ளி அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்காலுக்கென்று போன தடவை கொடுத்தனுப்பிய தைலத்தை அக்கா தன் இடுப்புக்குத் தேய்த்தே தீர்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இந்த முறை இரண்டு பாட்டில் வருகிறது. ஒன்றின் மேல் உங்கள் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது பேப்பரில் கடிதம் எழுதுவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசத் தொடங்கினால் எனக்கு முறை வருவதில்லை அத்தான். டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்த பழக்கத்தில், நான் வாயைத் திறந்ததும் அடுத்த வண்டிக்கு விசில் கொடுப்பதுபோல் "சரி சரி, அக்காட்ட பேசு" என்று போனைக் கொடுத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வருகிறது. அது சரி என்பதா, படித்தாயிற்று என்பதா, போதும் என்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதனால்தான் ஊருக்குப் போகிற சாதிக் பாட்ஷா பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். வீட்டுக்கே வந்து தருவார். தயவுசெய்து அவரை உட்காரவைத்து ஒரு காப்பியாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "ஏம் மாப்ளே, நீயும் அகிலாவும் பேசிக்கிறதே இல்லியாமே. அவ ஒரு ஊர்ல, நீ ஒரு ஊர்ல. பிள்ளைய ஹாஸ்டல்ல தள்ளிட்டீங்கன்னு தெருவே பேசுது" என்றீர்கள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை அத்தான். சண்டை போட வேண்டும் என்றாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் கோபம் அடங்கிவிடும். பிள்ளையை ஹாஸ்டலிலும் விடவில்லை. நடந்தது என்ன என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் எழுந்து போகாமல் படியுங்கள்.

பிருந்தாவை உங்களுக்குத் தெரியும். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதும் தெரியும். எட்டு வயதாகிறது. கேட்ட பேச்சைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்வாள். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று தன் வாயால் கேட்கத் தெரியாது. இங்கே சோஹாரில் ஒரு பள்ளியில்தான் முதலில் சேர்த்தோம். வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒரே இரைச்சல். இவள் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வாள். தூக்கப் போனால் கடிப்பாள். கடைசியில் பிரின்சிபல் அம்மா எங்களைக் கூப்பிட்டு, இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சொல்லித் தர எங்களிடம் ஆளும் இல்லை, தனி வகுப்பும் இல்லை, மஸ்கட்டில் ஒரு பள்ளியில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, இடம் கேட்டு வைத்திருக்கிறேன் என்று எழுதியே கொடுத்தார். நல்ல மனுஷி. எங்களை அனுப்பும்போது அவரே அழுதுவிட்டார். கடைசியில் நாங்கள்தான் அவரைத் தேற்றிவிட்டு வந்தோம்.

அப்படித்தான் அகிலாவும் பிருந்தாவும் மஸ்கட் போனார்கள். அங்கே ரூவி என்கிற பகுதியில் ஒரு குடும்பத்தோடு பங்கு வீட்டில் ஓர் அறை. காலையில் இருவரும் பள்ளிக்குப் போவார்கள். திரும்பி வந்துவிட்டு மறுபடி கூப்பிடப் போவது வீண் செலவு என்று அகிலா சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள். நான் சோஹாரில் கம்பெனி ரூமில். வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் பஸ் ஏறுவேன், சனிக்கிழமை திரும்புவேன். நான் உள்ளே நுழைந்தால் பிருந்தா ஓடி வந்து கட்டிக்கொள்ள மாட்டாள். மெதுவாக வந்து என் கைக்கடிகாரத்தின் வாரைத் தொட்டுப் பார்ப்பாள், பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். எங்கள் வீட்டில் அதுதான் வரவேற்பு. அதற்காகத்தான் அத்தனை தூரம் போகிறேன்.

இப்போது கம்பெனி கதைக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் கம்பெனியில், ஸ்டோர் கீப்பர் நிலையிலிருந்து மேலே உள்ளவர்களுக்குப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். நாம் முதலில் கட்டி ரசீதைக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு ரூல் இருக்கிறது: பள்ளி, வேலை பார்க்கும் ஊரின் எல்லைக்குள் இருக்க வேண்டும். இதை நான் வேலையில் சேர்ந்த நாளிலேயே படித்தேன், தலையாட்டினேன், கையெழுத்தும் போட்டேன். அன்றைக்குப் பிருந்தா பிறக்கவில்லை.

எங்கள் ஆபீஸில் இதைப் பார்ப்பவர் சந்திரகலா மேடம். நாகர்கோவில்காரர், கண்டிப்பானவர். ரசீதைப் பார்த்ததும், மஸ்கட் பள்ளி எல்லைக்கு வெளியே, பாஸாகாது என்றார். எல்லைக்குள் இருக்கிற பள்ளியே தங்களால் முடியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறதே மேடம், நான் பிள்ளையை எங்கே கொண்டுபோக என்று கேட்டேன். "எழுதித் தந்தது அவங்க. ரூல் போட்டது கம்பெனியாக்கும்" என்றார். பிறகு அவரே மனம் இரங்கி, இது படிப்புக் கணக்கில் வராது, வைத்தியக் கணக்கில் வரலாம், இன்சூரன்ஸில் கேட்டுப் பாரும் என்று வழி சொன்னார். இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு எழுதினேன். அங்கிருந்து பணிவாகப் பதில் வந்தது: இது ஆஸ்பத்திரி அல்ல, பள்ளிக்கூடம்; கரும்பலகையும் பெஞ்சும் இருக்கிற இடத்துக்கு நாங்கள் பணம் தருவதில்லை. அதைக் கொண்டுபோய் மேடத்திடம் காட்டினேன். அவர் கம்பெனி மெயின் ஆபீஸைக் கேட்டார். பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் தருகிற இடம் பள்ளிக்கூடம் ஆகாது, அது வைத்தியம் என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு பதிலையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது மேடம் சரி என்று கேட்டேன். அவர் இரண்டையும் நிதானமாகப் படித்துவிட்டு, ரெண்டுமே சரிதான் என்றார். ஆக என் மகள் காலையில் வைத்தியத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள், மாலையில் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் இரண்டுக்கும் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பள்ளி அப்படி என்னதான் செய்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பிருந்தாவின் டீச்சர் பெயர் ஆலியா. சின்ன வயதுதான், இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் தெரியாது. முதல் வாரத்திலேயே அகிலாவைக் கூப்பிட்டு, பிடிக்காததை மறுப்பதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். 'வேண்டாம்' என்று அகிலா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் அந்த ஒரு சொல்லைத் தன் நோட்டில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, தினமும் பிள்ளைக்குப் பிடிக்காததை ஒவ்வொன்றாக நீட்டி, கடிப்பதற்கு முன்னால் அதைச் சொல்ல வைத்திருக்கிறார். மாதக்கணக்கில். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பிருந்தாவுக்குப் பீன்ஸ் பொரியல் ஊட்டப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்றாள். அது யாரிடமும் கேட்டதன் எதிரொலி இல்லை அத்தான். அவள் சொன்ன சொல். நான் அழுதுவிட்டேன். அகிலா அழவில்லை. "நல்லா அழுங்க. நாளையிலருந்து எல்லாத்துக்கும் வேண்டாம்தான் வரப்போகுது" என்றாள். அப்படியேதான் ஆனது. பல் தேய்க்க வேண்டாம், செருப்பு வேண்டாம், நான் பக்கத்தில் உட்கார்ந்தால் நானும் வேண்டாம். ஆனால் கடிப்பது நின்றுவிட்டது. என் முன்கையில் இருந்த தழும்புகளெல்லாம் மங்கிவிட்டன.

பெருநாள் லீவுக்கு இருவரும் சோஹாருக்கு வந்திருந்தார்கள். மேடத்திடமிருந்து ஆள் வந்தது: மேல்முறையீடு போக வேண்டுமென்றால் பிள்ளையை அதிகாரி நேரில் பார்த்ததாக எழுத வேண்டும், கூட்டி வாரும் என்று. அகிலாவுக்கு அன்று காய்ச்சல். நானே பிருந்தாவைக் கூட்டிப் போனேன். இங்கே ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். வாராவாரம் ரூவிக்குப் போகும்போது, ஆபீஸில் நடந்ததை அகிலாவுக்கு நான் நடித்தே காட்டுவேன். அவள் அந்த அறைக்குள்ளேயே கிடக்கிறாளே, கொஞ்சம் சிரிக்கட்டும் என்று, மேடத்தின் நாகர்கோவில் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவேன். பிருந்தா மூலையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். காதில் வாங்குகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மேடம் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிருந்தாவைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து இன்னும் ஒரு பேப்பர் வேண்டும் என்றார். உடனே என் பக்கத்திலிருந்து, நான் எப்படி நடிப்பேனோ அதே இழுவையில், "பேப்பர் வேணுமாக்கும். எல்லாத்துக்கும் பேப்பர் வேணுமாக்கும். உமக்குச் சொன்னா வெளங்காதாக்கும்" என்று குரல் வந்தது. மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிருந்தா நிறுத்தவில்லை. பேனா மேஜையில் பட்ட சத்தம் அவளுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, இன்னும் ஒரு சுற்றுச் சொன்னாள். நான் எழுந்து நின்று, மேடம் மன்னிச்சிருங்க, குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, தப்பெல்லாம் என்னுடையது என்று உளறினேன். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. பிருந்தா பக்கமாகக் குனிந்து, "இன்னொரு மட்டம் சொல்லு மக்கா" என்றார். அவள் அட்சரம் பிசகாமல் சொன்னாள். பிறகு மேடம் என்னிடம், "நான் இப்படியா பேசுகேன்?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இனி சொல்லாதேயும்" என்றார். அன்றிலிருந்துதான் மேடம் எங்கள் பக்கம் வந்தார். என் கஷ்ட காலமும் அன்றிலிருந்துதான் ஆரம்பமானது.

எப்படியென்றால், மேடம் ரூல் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளியைச் சோஹாருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் முனியசாமியை மஸ்கட்டுக்குக் கொண்டுபோகலாம். மஸ்கட்டில் எங்களுக்கு ஒரு கிளை இருக்கிறது. பேப்பரில் என்னை அந்தக் கிளைக்கு மாற்றி, அங்கிருந்து சோஹார் ஸ்டோருக்குத் தற்காலிகமாக அனுப்பியதாக எழுதிவிட்டால், என் வேலை ஊர் மஸ்கட், பள்ளியும் மஸ்கட், ரசீது பாஸ். வேலை அதே ஸ்டோரில், அதே பைப்புகளோடு. நானும் கைகூப்பிச் சம்மதித்தேன். ஆர்டர் வந்தது. சாக்லேட் வாங்கிப்போய் மேடத்துக்கும் கொடுத்தேன்.

அந்த வார முடிவிலேயே கம்பெனி ரூம்களைக் கவனிக்கிற கேம்ப் பாஸ் வந்து ரூமைக் காலி செய்யச் சொன்னார். நீர் மஸ்கட் ஆள், சோஹாரில் உமக்கு ரூம் கிடையாது என்றார். அப்படியானால் மஸ்கட்டில் ரூம் கொடுங்கள் என்று அங்கே கேட்டேன். நீர் சோஹாரில் வேலை பார்க்கிறீர், இங்கே எதற்கு ரூம் என்றார்கள். இதுவும் ரெண்டுமே சரிதான். பெட்டியோடு ரோட்டில் நின்றேன். சந்தையில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை சுஐபு பாயிடம் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அரிசி மூட்டைக்குப் பக்கத்துல இடம் கெடக்கு தம்பி. மனுசரு படுக்குற அளவுக்கு இருக்கு" என்றார். அன்றிலிருந்து அங்கேதான் படுக்கை. ஒரு பக்கம் பொன்னி அரிசி, ஒரு பக்கம் வெங்காயம். வசதியாகவே இருக்கிறது, குறை சொல்லக்கூடாது. என்ன, டூட்டிக்குப் போனால் ஃபோர்மேன் என்னைப் பார்த்ததும் சாம்பார் ஞாபகம் வருவதாகச் சொல்கிறார். இதை அகிலாவிடம் சொல்லவில்லை. நீங்களும் அக்காவிடம் சொல்ல வேண்டாம். அக்காவிடம் சொன்னால் அகிலாவிடம் சொன்ன மாதிரிதான்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். மஸ்கட் கிளையில் விரல் வைத்து வருகைப் பதிவு செய்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. என் பேர் அதில் ஏறிவிட்டது. என் விரல் சோஹாரில் இருக்கிறது. மாதம் முடிந்ததும் மெஷின் என்னை முழு மாதமும் ஆப்சென்ட் என்று எழுதிவிட்டது. சம்பளத்தில் பிடித்தம், கூடவே எச்சரிக்கை நோட்டீஸ். சோஹாரில் நான் ராப்பகலாகப் பைப் எண்ணிக்கொண்டிருந்ததற்கு, அவற்றை அடுக்கிவைக்கும் யார்டு முழுக்கச் சாட்சி. ஆனாலும் சரி செய்ய ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அந்த இடைவெளியில், ஆசையாகக் காத்திருந்த பள்ளி ரசீது திரும்பி வந்தது. கூடவே மெயின் ஆபீஸின் குறிப்பு: சொல்லாமல் வேலைக்கு வராதவருக்குக் கல்விச் சலுகை கிடையாது. மேடம் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒதவி செய்யப் போயில்லா உமக்கு இப்படி ஆச்சு" என்றார். அவரை என்ன சொல்லித் திட்டுவது? நல்ல எண்ணத்தோடு தள்ளிவிட்டவர். மெயின் ஆபீஸுக்குத் தானே நேரில் போய்ப் பேசுவதாகச் சொன்னார். நான் நம்பவில்லை, சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன் வந்தது. மதுரையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி இருக்கிறது, விசாரித்துவிட்டேன், பக்கத்திலேயே வீடு பார்க்கிறேன், அகிலாவையும் பிள்ளையையும் அனுப்பு என்றீர்கள். வழக்கம்போல் எனக்கு முறை வரவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அக்கா லைனில் வந்துவிட்டாள். ஆனால் இந்த மூன்று நாளாக வெங்காய மூட்டைமேல் தலைவைத்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்வதில் தப்பே இல்லை அத்தான். இங்கே ஓர் ஊரில் பள்ளி, ஓர் ஊரில் வேலை, எந்த ஊரிலும் வீடு இல்லை. இப்படியே போனால் அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்ட என்னால் முடியாது. கட்ட முடியாமல் நடுவில் நிறுத்தி, அவள் மறுபடி பெஞ்சுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வதைப் பார்ப்பதைவிட, முறையாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது நல்லது. மதுரைப் பள்ளியிலும் ஓர் ஆலியா டீச்சர் இருப்பார். இல்லாமலா போய்விடுவார்?

வாரத்துக்கு ஒரு தடவையாவது என் வாரைத் தொட வருகிறாளே, அது வருஷத்துக்கு ஒரு தடவை என்று ஆகிவிடும். அதை நினைத்தால்தான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறது. மற்றபடி மனசைத் தேற்றிக்கொண்டேன். நான் தோற்றுவிட்டேன் அத்தான். எல்லைக்கு எதிராக ஸ்டோர் கீப்பர் என்ன செய்ய முடியும்? ஆகவே தாங்கள் தயவுசெய்து அந்த வீட்டைப் பேசி முடியுங்கள். மாடி வேண்டாம், பிருந்தா படியைக் கண்டால் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பாள். அட்வான்ஸை அடுத்த சம்பளத்தில் அனுப்பிவிடுகிறேன். அகிலாவிடம் இன்னும் பேசவில்லை. நாளை ரூவிக்குப் போகும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அவள் நான் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தெருவில் எங்களைப் பற்றி விசாரித்த அத்தனை நல்ல மனசுகளுக்கும், புருஷன் பெண்டாட்டி ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கி நிமிரவும், அக்காவின் இடுப்பு அதற்குப் போட்டியாக வராமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களான நீங்கள் எங்கள் மூவரையும் வாழ்த்த வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
முனியசாமி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, ரூவி. அத்தான், வீடு பார்க்க வேண்டாம்.

சாதிக் பாட்ஷா பாய் மஸ்கட்டிலிருந்துதான் விமானம் ஏறுகிறார் என்பதால் இந்தக் கடிதத்தைக் கையோடு எடுத்து வந்தேன். கவரை ஒட்டப் பசை கேட்டேன். அகிலா பசையை எடுத்து வராமல் கவரை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை. நாகர்கோவில் பேச்சு வருகிற இடத்தில் சிரித்தாள். அரிசி மூட்டை வருகிற இடத்தில் நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். முடித்ததும் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "அத்தானுக்கு எழுதினத எனக்கு எழுதியிருக்கலாம்ல" என்றாள். வாராவாரம் வந்து ஊரார் குரலில் எல்லாம் பேசிக் காட்டியவர், சொந்தக் குரலில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றாள்.

பிறகு அவள் விஷயத்துக்கு வந்தாள். அவளும் ஒன்றை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள். சாயங்காலம் வரை அவள் பள்ளியில் சும்மா உட்கார்ந்திருப்பதாக நான் உங்களுக்கு எழுதியிருக்கிறேன் அல்லவா, அது தவறு. முதலில் டீச்சர்களுக்குப் படம் வெட்டிக் கொடுத்திருக்கிறாள், பிறகு பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டியிருக்கிறாள், பிறகு அழுகிற பிள்ளைகளை அவளிடமே கொண்டுவந்து விட ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போது பள்ளியிலேயே உதவியாளராக வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். விசாவும் அவர்களே மாற்றித் தருகிறார்களாம். அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. நீங்க சம்மதிப்பீங்களோ மாட்டீங்களோன்னு பயந்து பத்து நாளா வச்சிருந்தேன் என்றாள். பயப்படுகிற ஆளா இவள்? எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை சேருகிறாள்.

இத்தோடு முடியவில்லை. இன்று காலை சந்திரகலா மேடம் போன் செய்தார். நிஜமாகவே மெயின் ஆபீஸுக்குப் போயிருக்கிறார். இரண்டு நாள் உட்கார்ந்து பேசி ரூலையே மாற்றிவிட்டார்கள். தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைக்கு ஊரில் பள்ளி இல்லையென்றால், இந்த நாட்டுக்குள் எந்த ஊர்ப் பள்ளியானாலும் கம்பெனி கட்டணத்தைத் திருப்பித் தரும். என் ஆப்சென்டும் ரத்து, பிடித்த சம்பளம் திரும்பி வருகிறது, மறுபடி நான் சோஹார் ஆள், ரூமும் உண்டு. ஆனால் ரூல் இன்றிலிருந்துதானாம். பழைய ரசீதுகளுக்குச் செல்லாது. அகிலாவின் வேலையால் இனிக் கட்டணமே இல்லை, புதிதாகக் கொடுக்க என்னிடம் ரசீதே கிடையாது. என்னால் வந்த ரூலில் எனக்கு ஒரு பைசா கிடைக்காது என்று சொன்னதும் மேடம், "சோலி எல்லாம் முடிஞ்ச பெறவுதான் இதுவும் நடக்கணுமா" என்று அங்கலாய்த்தார்.

ஆனால் வீண் போகவில்லை. எங்கள் யார்டில் கிரேன் ஓட்டுகிற, கம்பெனியில் என் நிலையிலேயே இருக்கிற இர்ஷாத் என்பவருக்கு ஆகில் என்று ஒரு மகன். ஆறு வயது, பிருந்தா மாதிரியே. எல்லைக்குப் பயந்து எந்தப் பள்ளிக்கும் அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருந்தார். புது ரூலில் முதல் ஆளாக அவன் இந்தப் பள்ளியில் சேருகிறான். பெற்ற பிள்ளை இருக்கிற வகுப்பில் தாயை வேலைக்குப் போட மாட்டார்கள் என்பதால் அகிலாவுக்கு ஆகில் வகுப்பு. இவள் பிள்ளையை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள், இன்னொருத்தி பிள்ளையை இவள் பார்த்துக்கொள்வாள். போனில் இதைச் சொன்னதும் இர்ஷாத் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே எழுதியதில் தைலம் விஷயத்தைத் தவிர மற்ற எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். அகிலா பேனாவைக் கேட்கிறாள்.

அண்ணனுக்கு அகிலா எழுதிக்கொள்வது. நல்லா இருக்கீங்களா, மதினி இடுப்பு வலி எப்படி இருக்கு? வீட்டை விட்டுருங்க அண்ணே. லீவுக்கு வந்தா உங்க வீட்லதான் ஒரு மாசம் தங்குவோம். மாடி ரூமை ஒழிச்சு வைங்க. படி இருக்கட்டும், பிருந்தா ஏறி இறங்கட்டும், இப்ப களைப்பா இருந்தா உக்காரணும்னு அவளுக்கே சொல்லத் தெரியுது. இவரு மளிகைக் கடையில படுத்த சங்கதிய எனக்குச் சொல்லாம உங்களுக்கு எழுதியிருக்காரு. இனிமே இவருகிட்டயிருந்து உங்களுக்குக் கடுதாசி வந்தா, அத நான் ஏற்கெனவே படிச்சிருப்பேன்னு வச்சுக்கோங்க.